கொடுத்ததா, ஒப்புக்கொண்டதா? ஆங்கிலேயப் பிரஜையின் உரிமைச் சாசனங்கள்

விசாரணைக்கு என்று போலீஸ் கூட்டிப்போன ஆள் இரண்டு நாளாக வீடு திரும்பவில்லை என்றால், நம் ஊர் வக்கீல் முதலில் சொல்வது "ஹேபியஸ் போட்டுடலாம்" என்பதுதான். சென்னை உயர் நீதிமன்ற வராந்தாவில் அதற்கு எச்.சி.பி. என்று பெயர், செய்தித்தாளில் ஆட்கொணர்வு மனு. ஆளைக் கொண்டுவந்து நிறுத்து, எந்தச் சட்டப்படி பிடித்து வைத்திருக்கிறாய் என்று சொல். அவ்வளவுதான் அதன் சாரம். இப்படிக் கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால், ஆட்டுத்தோலில் எழுதி மெழுகு முத்திரை தொங்கவிட்ட சில ஏடுகளில் போய் முட்டிக்கொள்வோம். ஆங்கிலத்தில் அவை சார்ட்டர். தமிழில் சாசனம், பட்டயம்.

சாசனம் நமக்குப் புதிதில்லை. ஒரு ஊரை இறையிலியாக விடும்போது சோழ, பாண்டிய மன்னர்கள் எல்லை எது, யார் அனுபவிக்கலாம், எந்தெந்த வரி தள்ளுபடி என்றெல்லாம் செப்பேட்டிலும் கல்லிலும் வெட்டிவைத்து, 'சந்திராதித்தவற்' என்று சேர்ப்பார்கள். சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று பொருள். இங்கிலாந்து மன்னர்கள் இதே வேலையைத் தோலில் செய்தார்கள். ஒரு மடத்துக்கு நிலம், ஒரு நகரத்துக்குச் சந்தை கூட்டும் உரிமை, ஒரு வணிகக் கூட்டத்துக்கு ஏகபோக வியாபாரம். பலர் காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். அந்த ஏடுகளில் 'லிபர்ட்டி' என்ற சொல் பெரும்பாலும் பன்மையில் வரும். இன்று நாம் சுதந்திரம் என்று சொல்கிற அந்தச் சொல்லுக்கு அங்கே சலுகை, விலக்கு என்ற வாசனைதான் தூக்கல். இந்த ஊர்க்காரர் அந்தச் சுங்கம் கட்ட வேண்டாம், இந்த எல்லைக்குள் அரசாங்க அதிகாரி நுழையக் கூடாது, இப்படி.

சாசனத்துக்கு ஒரு தம்பி உண்டு, 'லெட்டர்ஸ் பேட்டன்ட்'. மடித்து அரக்கு வைக்காமல், எல்லாரும் படிக்கும்படி திறந்தே விட்ட அரச மடல். சென்னை உயர் நீதிமன்றமே 1862இல் அப்படியொரு மடலால் உண்டானதுதான். கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றையும் வக்கீல்கள் இன்னமும் 'சார்ட்டர்ட் ஹைகோர்ட்' என்பார்கள்.

சரி, சிக்கல் எங்கே வருகிறது? மன்னர் கொடுத்தது என்றால் மன்னரே திருப்பிப் பிடுங்கவும் செய்யலாம். ஆனால் ஏட்டைக் கையில் வைத்திருப்பவர் நாளாக ஆக வேறு மாதிரிப் பேச ஆரம்பிப்பார். "இது எனக்கு முன்னமே உள்ள பாத்தியதை. நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டீர்கள், அவ்வளவுதான்." 1215இலிருந்து 1776 வரை ஓடிய ஒரு நீண்ட வரப்புத் தகராறு இது.

1215 ஜூன் மாதம், தேம்ஸ் நதிக்கரையில் ரன்னிமீட் என்ற புல்வெளி. ஜான் மன்னர் 1204இல் நார்மண்டியைப் பிரெஞ்சு மன்னரிடம் பறிகொடுத்தவர். மீட்கப்போகிறேன் என்று குடிகளிடமும் பிரபுக்களிடமும் பணத்தைக் கறந்தவர். போருக்கு ஆள் வராத பிரபுக்கள் அதற்கு ஈடாகக் கட்டும் பணத்தையும் ஏற்றிக்கொண்டே போனார். அத்தனையும் வாங்கிக்கொண்டு 1214இல் மறுபடி தோற்றுத் திரும்பினார். பிரபுக்களுக்குப் பொறுமை போய்விட்டது. லண்டனையே பிடித்துவிட்டார்கள். அதன்பின் நடந்த பேச்சுவார்த்தையில் பிறந்ததுதான் மாக்னா கார்ட்டா. பழைய படங்களில் ஜான் இறகுப் பேனாவால் கையெழுத்துப் போடுவார். நம்ப வேண்டாம். அதில் கையெழுத்தே கிடையாது, முத்திரை மட்டும்தான். 'பெரிய சாசனம்' என்ற பெயரும் அன்று வைத்ததில்லை. 1217இல் வனங்களைப் பற்றி ஒரு சின்னச் சாசனம் கூடவே வந்தது, அதிலிருந்து பிரித்துச் சொல்ல இது 'பெரிய' ஆனது.

முதல்முறை முழுதாகப் படிப்பவருக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். தேம்ஸிலும் மெட்வேயிலும் மீன் பிடிக்கக் கட்டிய தடுப்புகளை அகற்ற வேண்டும் என்று ஒரு ஷரத்து. ஒயினுக்கும் தானியத்துக்கும் நாடு முழுக்க ஒரே அளவை என்று இன்னொன்று. விதவையை மறுமணத்துக்கு நெருக்கக் கூடாது. இந்தக் குவியலுக்கு நடுவே, பிற்காலத்தில் எண் போட்டவர்கள் 39, 40 என்று குறித்த இரண்டு ஷரத்துகள் இருக்கின்றன. சுதந்திரமான எந்த மனிதனையும், அவனுக்குச் சமமானவர்களின் தீர்ப்போ நாட்டின் சட்டமோ இல்லாமல் பிடிக்கவோ சிறையில் போடவோ உடைமையைப் பறிக்கவோ கூடாது. நீதியை யாருக்கும் விற்க மாட்டோம், மறுக்க மாட்டோம், இழுத்தடிக்க மாட்டோம். அதில் 'சுதந்திரமான' என்பதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தாண்டிவிடக் கூடாது. அன்றைய இங்கிலாந்தில் கணிசமானோர் பண்ணையோடு கட்டுண்ட குடியானவர்கள். 39ஆம் ஷரத்து அவர்களைச் சேர்க்கவில்லை.

இத்தனைக்கும் அந்தச் சாசனம் உயிரோடு இருந்தது பத்து வாரம்தான். மிரட்டி வாங்கியது செல்லாது என்று ஆகஸ்டில் போப் ரத்து செய்துவிட்டார். மறுவருடம் ஜான் செத்ததும், ஒன்பது வயதுப் பையன் மூன்றாம் ஹென்றியின் பேரில் ஆட்சி நடத்தியவர்கள் பிரபுக்களைச் சமாதானப்படுத்த அதை மறுபடி வெளியிட்டார்கள். 1217இல் இன்னொரு முறை, 1225இல் இன்னொரு முறை. இந்த 1225 பதிப்பு எனக்கு 1215ஐவிட முக்கியமாகப் படுகிறது. அதற்கு ஈடாக நாட்டார் தங்கள் அசையும் சொத்தில் பதினைந்தில் ஒரு பங்கை மன்னருக்குக் கொடுத்தார்கள் என்று அந்த ஏட்டிலேயே எழுதியிருக்கிறது. அதுவரை தானபத்திரம் போல இருந்தது இப்போது கிரயபத்திரம் மாதிரி ஆகிவிட்டது. காசு வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுத்ததை எப்படித் திருப்பிப் பிடுங்குவது? 1297இல் அது சட்ட ஏட்டிலும் ஏறியது. பழைய 39, 40 இரண்டும் ஒன்றாகி 29ஆம் ஷரத்தாக இங்கிலாந்தில் இன்றும் செல்லுபடியாகிறது.

அடுத்த முந்நூறு வருடத்தை ஒரே எட்டில் தாண்டிவிடலாம். முதலாம் சார்லஸுக்குப் போர்ச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டது, பார்லிமென்ட் தரவில்லை. வசதியுள்ளவர்களிடம் 'கடன்' என்ற பெயரில் கட்டாய வசூல் நடத்தினார். மறுத்தவர்களை உள்ளே தள்ளினார். 1627இல் அவர்களில் ஐந்து பேர் ஹேபியஸ் கார்ப்பஸ் கேட்டு நீதிமன்றம் போனார்கள். எந்தக் காரணத்துக்காக அடைத்தாய் என்று சிறைக் காவலரைக் கேட்டால், வந்த பதில் "மன்னரின் தனிக் கட்டளைப்படி" என்பது மட்டும். குற்றம் என்ன என்று இல்லை. நீதிபதிகள் அவர்களை மறுபடி சிறைக்கே அனுப்பினார்கள்.

மறுவருடம் கூடிய பார்லிமென்டில் எட்வர்ட் கோக் உட்கார்ந்திருந்தார். வயது எழுபதைத் தாண்டியவர், முன்னாள் தலைமை நீதிபதி, சார்லஸின் அப்பா ஜேம்ஸ் 1616இல் பதவியைவிட்டு நீக்கிய ஆள். அவர் கையில் எடுத்தது அந்த 29ஆம் ஷரத்து. 1628இல் பிறந்த உரிமை மனு நான்கு விஷயங்களைச் சொன்னது: பார்லிமென்ட் சம்மதமில்லாமல் வரியோ கட்டாயக் கடனோ கூடாது, காரணம் காட்டாமல் சிறை கூடாது, வீடுகளில் சிப்பாய்களைத் தங்கவைக்கக் கூடாது, சாதாரணக் குடிகள் மேல் இராணுவச் சட்டம் கூடாது. இதில் எதுவும் புதிதாகக் கேட்பதல்ல, எல்லாம் ஏற்கெனவே நம்முடையவை என்பதுதான் கோக்கின் சாமர்த்தியம். மாக்னா கார்ட்டாவும் புதிதாக எதையும் தந்துவிடவில்லை, அதற்கும் முந்திய வழக்கத்தை உறுதி செய்தது, அவ்வளவே என்றார். சரித்திரப்படி பார்த்தால் இது ரொம்பவே இழுத்துப் பிடித்த வாதம். நில உரிமையாளர்கள் தங்கள் மன்னரோடு போட்ட ஒப்பந்தம், கோக் வாசித்த வாசிப்பில், நாட்டில் பிறந்த ஒவ்வொருவரின் பிறப்புரிமை ஆகிவிட்டது. ஆனால் அந்த இழுவை இல்லையென்றால் நாம் இன்று இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவே மாட்டோம்.

1679இல் ஹேபியஸ் கார்ப்பஸ் சட்டம் வந்தது. பிரபுக்கள் சபையில் வாக்கு எண்ணியவர், பருத்த உடம்புக்காரர் ஒருவரைப் பத்து ஆளாகக் கணக்கெழுதியதால்தான் அது தேறியது என்று ஒரு கதை உண்டு. கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து, 1689இல் உரிமைகள் சட்டம். அதிகப்படியான ஜாமீன், கொடூரமான, வழக்கத்துக்கு மாறான தண்டனை கூடாது என்ற அதன் வரி ஏறக்குறைய அப்படியே 1791இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் எட்டாம் திருத்தமாகப் போய் உட்கார்ந்தது.

இப்போது கடல் தாண்டலாம். அதற்கு முன் ஒரு சொல். நாம் குடிமகன் என்கிறோம், அவர்கள் பிரஜை என்றார்கள். பிரஜைக்கு மன்னரோடு நேர்த் தொடர்பு. மன்னர் காப்பார், பிரஜை விசுவாசம் காட்டுவார், அந்தக் கட்டு பிறந்த கணத்திலேயே விழுந்துவிடுகிறது. ஸ்காட்லாந்தில் பிறந்த கால்வின் என்ற குழந்தையின் பேரில் 1608இல் நடந்த வழக்கில் நீதிபதிகள் தீர்த்தது இதைத்தான். ஸ்காட்லாந்து தனி நாடு, ஆனால் மன்னர் ஒருவரே. ஆகவே பிள்ளை அந்நியன் இல்லை, இங்கிலாந்தில் நிலம் வைத்துக்கொள்ளலாம். அந்நியன் என்றால் வைத்துக்கொள்ள முடியாது.

இந்தப் பயம்தான் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களுக்கும். அங்கே பிறக்கும் பிள்ளை என்ன ஆகும்? 1606 ஏப்ரல் 10 அன்று ஜேம்ஸ் மன்னர் வர்ஜீனியாவுக்குத் தந்த சாசனத்தில் இதற்கென்றே ஒரு வரி போட்டார்கள். அங்கே குடியிருப்பவர்களும் அங்கே பிறக்கும் அவர்கள் பிள்ளைகளும், இங்கிலாந்திலேயே பிறந்து வாழ்ந்தவர்கள் போல எல்லா உரிமைகளையும் விலக்குகளையும் அனுபவிப்பார்கள். அப்போது அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்தவர் யார் தெரியுமா? அதே கோக். அந்த வரி எழுதப்பட்டபோது, காட்டுக்குள் போக ஆள் பிடிக்க வேண்டும், போனவன் வாரிசுரிமை கெடக் கூடாது என்பதுதான் பெரிய கவலையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். யாருக்கும் அது வெடிமருந்தாகத் தெரிந்திருக்காது.

சாசனம் வாங்கிக் கிளம்பியவை பெரும்பாலும் கம்பெனிகள். சென்னைக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனியும் 1600 டிசம்பர் 31 அன்று எலிசபெத் ராணியிடம் வாங்கிய சாசனத்தோடு புறப்பட்டதுதான். 1629இல் சாசனம் பெற்ற மாசசூசெட்ஸ் பே கம்பெனி ஒரு வேடிக்கை செய்தது. கம்பெனியின் கூட்டம் எந்த ஊரில் நடக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. ஜான் வின்த்ராப்பும் கூட்டாளிகளும் 1630இல் சாசனத்தையே பெட்டியில் போட்டுக்கொண்டு கப்பலேறிவிட்டார்கள். பங்குதாரர் கூட்டம் அங்கே போய்ச் சட்டமன்றம் ஆகிவிட்டது. மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தின் பெயர் இன்றைக்கும் 'ஜெனரல் கோர்ட்', கம்பெனிக் கூட்டத்தின் பழைய பெயர்.

ஆனால் லண்டன் மறக்கவில்லை. கம்பெனி சாசன வரம்பை மீறுகிறது என்று வழக்குப் போட்டு, 1684இல் நீதிமன்றம் மூலமாகவே சாசனத்தை ரத்து செய்தார்கள். 1686இல் சுற்றுவட்டாரக் குடியேற்றங்களை எல்லாம் ஒன்றாகக் கட்டி, எட்மண்ட் ஆண்ட்ரோஸ் என்பவரை ஆளுநராக அனுப்பினார்கள். தேர்ந்தெடுத்த சபை கிடையாது. ஆளுநரும் நியமன உறுப்பினர்களும் சேர்ந்து வரி போடுவார்கள்.

1687 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் இப்ஸ்விச் என்ற சின்ன ஊரில் ஊர்க்கூட்டம். வரி மதிப்பிட ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பு என்று உத்தரவு வந்திருந்தது. சொத்து மதிப்பில் பவுனுக்கு ஒரு பென்னி வரி. தொகை பெரிதில்லை. ஆனால் ஊர்ப் பாதிரியார் ஜான் வைஸ் பேச்சில், எங்கள் சபையின் சம்மதமில்லாமல் வரி போடுவது ஆங்கிலேயப் பிரஜைகளின் உரிமைக்கு விரோதம், ஆள் அனுப்ப மாட்டோம் என்று ஊர் தீர்மானித்தது. வைஸும் இன்னும் ஐந்து பேரும் பாஸ்டன் சிறைக்குப் போனார்கள். ஹேபியஸ் கார்ப்பஸ் கேட்டார்கள், மறுக்கப்பட்டது. விசாரணையில் மாக்னா கார்ட்டாவை எடுத்துச் சொன்னபோது கிடைத்த பதிலை அவர்கள் தரப்பு பின்னால் பதிவு செய்திருக்கிறது: இங்கிலாந்தின் சட்டம் உலகத்தின் மூலை வரைக்கும் உங்கள் பின்னால் வரும் என்று நினைக்காதீர்கள். அடிமைகளாக விற்கப்படாமல் இருப்பதைத் தவிர உங்களுக்கு வேறு சலுகை எதுவும் மிச்சமில்லை. வைஸுக்கு 50 பவுன் அபராதம், பாதிரியார் வேலையிலிருந்து நிறுத்தம்.

அதே வருடம் அக்டோபர் 31இல் ஆண்ட்ரோஸ் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டுக்குப் போய் அவர்களுடைய 1662 சாசனத்தைக் கேட்டார். ஏடு மேஜைமேல் வந்தது, பேச்சு இரவு வரை நீண்டது, திடீரென்று மெழுகுவத்திகள் அணைந்தன, திரும்ப ஏற்றியபோது ஏட்டைக் காணோம் என்பது அந்த ஊர்க் கதை. ஜோசப் வாட்ஸ்வர்த் என்பவர் அதை ஒரு பெரிய ஓக் மரப் பொந்தில் ஒளித்துவைத்தாராம். மரம் 1856இல் புயலில் சாயும் வரை அதற்குத் தனி மரியாதை. கதையில் எவ்வளவு நிஜம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். தோல் ஏடு கையில் இருந்தால் உரிமையும் நம்மிடம் இருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள், அதைத்தான் நான் இதில் பார்க்கிறேன். பட்டாவை இரும்புப் பெட்டியில் பூட்டிவைக்கும் நம் தாத்தாக்களுக்கு இது சட்டென்று புரியும். 1689 ஏப்ரலில் இங்கிலாந்தில் மன்னர் மாறிய செய்தி வந்ததும் பாஸ்டன்காரர்கள் ஆண்ட்ரோஸைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். கனெக்டிகட் தன் பழைய சாசனத்தை எடுத்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மாசசூசெட்ஸுக்கு 1691இல் புதுச் சாசனம், ஆனால் ஆளுநரை மன்னர் நியமிப்பார்.

அடிமையாக விற்கப்படாமல் இருப்பது ஒரு சலுகை என்றார்களே, அது எல்லாருக்கும் இருந்ததா? வர்ஜீனியாவில் எலிசபெத் கீ என்ற பெண். அப்பா ஆங்கிலேயர், அம்மா அடிமையாக இருந்த ஆப்பிரிக்கப் பெண். ஆங்கிலேயச் சட்டப்படி பிள்ளை அப்பாவின் நிலையைப் பெறும், என் அப்பா பிரஜை, நான் ஞானஸ்நானம் பெற்றவள், ஆகவே நான் அடிமையில்லை என்று வழக்காடி 1656இல் விடுதலை வாங்கினார். பிரஜையின் உரிமையை இவ்வளவு நேராகப் பிடித்துக் கேட்டவர் குறைவு. வர்ஜீனியா சபை என்ன செய்தது? 1662இல் சட்டத்தையே மாற்றியது: இனிப் பிள்ளை தாயின் நிலையைத்தான் பெறும். அடுத்த எலிசபெத்துக்குக் கதவு மூடியாயிற்று. 'இங்கிலாந்தில் பிறந்தவர் போல' என்று 1606 சாசனத்தை மேற்கோள் காட்டப்போகும் அதே சபை இது.

மேற்கோள் காட்டியது 1765இல். அந்த வருடம் பார்லிமென்ட் குடியேற்றங்களுக்கு முத்திரைத்தாள் வரி போட்டது. பத்திரம், செய்தித்தாள், உரிமச் சீட்டு, ஏன், சீட்டுக்கட்டுக்குக்கூட ஸ்டாம்ப். வர்ஜீனியா சபை மே மாதக் கடைசியில் பாட்ரிக் ஹென்றி கொண்டுவந்த தீர்மானங்களை நிறைவேற்றியது. ஜேம்ஸ் மன்னரின் இரண்டு சாசனங்கள் எங்களை இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்குச் சமமாக அறிவித்திருக்கின்றன, தங்கள் பிரதிநிதிகள் மூலம் தாங்களே வரி போட்டுக்கொள்வது ஆங்கிலேயச் சுதந்திரத்தின் அடையாளம் என்று அதில் இருந்தது. 159 வருடம் பெட்டிக்குள் கிடந்த வரி வெளியே வந்துவிட்டது.

லண்டனின் பதிலையும் கேட்க வேண்டும், அது அவ்வளவு முட்டாள்தனமானதில்லை. மான்செஸ்டருக்கும் பர்மிங்ஹாமுக்கும்கூடப் பார்லிமென்டில் தனி உறுப்பினர் கிடையாது, அவர்கள் வரி கட்டவில்லையா? பார்லிமென்ட் உறுப்பினர் எல்லாப் பிரஜைகளுக்கும் பொதுப் பிரதிநிதி. நீங்கள் ஆங்கிலேயரைப் போல உரிமை கேட்டால், ஆங்கிலேயரைப் போலப் பார்லிமென்டுக்கும் கட்டுப்படுங்கள். கோக் காலத்தில் மன்னரைக் கட்டுப்படுத்தப் பார்லிமென்டைத் துணைக்கு அழைத்தார்கள். இப்போது கழுத்தில் கைவைப்பது அந்தப் பார்லிமென்ட். அதற்கு எதிராக நீட்ட மன்னர் கொடுத்த ஏடுதான் மிச்சம். 1766இல் வரியை ரத்து செய்த கையோடு, எந்த விஷயத்திலும் குடியேற்றங்களுக்குச் சட்டம் போட எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று பார்லிமென்ட் இன்னொரு சட்டம் எழுதிவைத்தது. 1774இல் மாசசூசெட்ஸின் 1691 சாசனத்தையே ஒரு சட்டத்தால் மாற்றிவிட்டது, நீதிமன்ற வழக்குகூட இல்லாமல். அந்தச் செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய குடியேற்றங்களின் பிரதிநிதிகள் தங்கள் உரிமைகளுக்கு மூன்று ஆதாரம் சொன்னார்கள்: இயற்கையின் சட்டம், ஆங்கிலேய அரசமைப்பு, சாசனங்கள். சாசனம் மூன்றாவது இடத்துக்கு இறங்கிவிட்டது கவனித்தீர்களா? 1776 சுதந்திரப் பிரகடனத்தில் 'எங்கள் சாசனங்களைப் பறித்தது' என்பது மன்னர் மேல் சுமத்திய குற்றப் பட்டியலில் ஒரு வரி. உரிமைக்கு ஆதாரமாக அங்கே பேசப்பட்டது படைத்தவன் தந்தது மட்டும்.

மன்னரை விலக்கியதும் பெரும்பாலான மாநிலங்கள் புதிதாக அரசியல் சட்டம் எழுதின. கனெக்டிகட்டும் ரோட் ஐலண்டும் மெனக்கெடவில்லை. மன்னர் சம்பந்தப்பட்ட இடங்களை மட்டும் தள்ளிவிட்டு, இரண்டாம் சார்லஸ் கொடுத்த அதே ஏட்டின்படி ஆட்சியைத் தொடர்ந்தன. கொடுத்தவர் போய்விட்டார், கொடுத்தது நின்றது. கனெக்டிகட் 1818 வரை. ரோட் ஐலண்டின் 1663 சாசனம் இன்னும் நீண்டது, ஆனால் அதன் கீழ் சொத்து இல்லாதவருக்கு ஓட்டு இல்லை. 1842இல் தாமஸ் டார் என்ற வக்கீல் தலைமையில் ஓட்டில்லாதவர்கள் தாங்களே ஒரு அரசியல் சட்டம் எழுதி, தனி அரசாங்கம் அமைத்துக் கலகம் செய்தார்கள். கலகம் அடக்கப்பட்டது. மறுவருடம் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்து, பழைய சாசனம் ஓய்ந்தது. டாருக்கு 1844இல் ஆயுள் தண்டனை, ஒரு வருடத்தில் விடுதலை.